நின்ற வேலைகள் இருக்கின்றன

தலைமை தாங்கும் தாளாளர் பரமசிவன் அண்ணாச்சி அவர்களே, மதுரையிலிருந்து வந்து எங்கள் கோவில்பட்டியைப் பெருமைப்படுத்தும் சிறப்பு விருந்தினர் அவர்களே, பெரியோர்களே, பருத்திக்காட்டில் பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

நன்றியுரை நவில அழைத்தார்கள். நாக்கு எழவில்லை, நாணம் தடுக்கிறது. இந்த எண்பத்தொன்பதில் நம் பள்ளிக்குக் கணிப்பொறி வந்ததும் அதற்கு ஆசிரியனான கருத்தையா நான், சற்று முன் இதே மேடையில் என்ன செய்தேன்?

ஓட்டப்பிடாரத்து மாணவி வெயிலுகந்தம்மாள் எழுதிய நிரல் கணிப்பொறியில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வாரம் விதைத்தால் மழை கைகொடுக்கும் என்று பழைய மழையளவுகளையெல்லாம் அலசிப் பார்க்கும் நிரல். அதை நிறுத்தினேன். எதற்கு? என் வித்தையைக் காட்ட! கணிப்பொறிக்குக் கட்டளையிடும் ஷெல்லில் நானே அமைத்த விசை அது. ஒரு தட்டுத் தட்டினால் ஓடும் வேலை நிற்கும். மறுபடி தட்டினால் நின்றது திரும்பி வரும். நான் எழுதிய வரவேற்புப் பாடலைத் திரையில் திறந்தேன். தட்டினேன், மறைந்தது. தட்டினேன், வந்தது. நீங்கள் கைதட்டினீர்கள், நான் தலைகால் புரியாமல் நின்றேன்.

"அந்த மாணவியின் விடை எங்கே?" என்றார் விருந்தினர். தட்டினேன், என் பாட்டு வந்தது. மீண்டும் மீண்டும் தட்டினேன். பாட்டுத்தான், என் பாட்டேதான்! இதே ஒலிபெருக்கியில், "அந்தப் பிள்ளை தப்பா எழுதியிருக்கு" என்றேன். அவளை மதுரைக்குப் பயிற்சிக்கு அழைக்க இருந்த விருந்தினர் உதட்டைப் பிதுக்கினார். அவள் தாய் வள்ளித்தாய், "ஏட்டி, எந்திரி. படிச்சது போதும், காட்டுக்கு வா" என்றது என் காதில் விழுந்தது. நானோ நன்றியுரைத் தாளைத் தேடினேன்.

யாரது, "விடுங்க அண்ணாச்சி, இதுக்குப் போயி வருத்தப்படுதீங்களே" என்பது? ஐயா, கேளுங்கள். உரைக்கு எழுமுன் கணிப்பொறியை விட்டு வெளியேறப் போனேன். அது விடவில்லை! 'நின்ற வேலைகள் இருக்கின்றன' என்று திரையில் ஆங்கிலத்தில் சொன்னது. நின்றவற்றின் பட்டியலைப் பார்த்தேன். என் பாட்டுக்கு முன்னால் அவள் நிரல், நான் நிறுத்திய இடத்திலேயே நின்றது. பிழை அவளுடையதா? கடைசியாக நின்றதை மட்டுமே அழைக்கத் தெரிந்த விசையைச் செய்துவிட்டுக் கர்வப்பட்டவன் நான்! வெட்கப்படுகிறேன். எந்திரம் அவளை மறக்கவில்லை, நான் மறந்தேன்.

அவள் நிரலை, பட்டியலில் அதற்குரிய எண்ணைக் கொடுத்து அழைத்துவிட்டேன். இதோ, என் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. விருந்தினர் ஐயா, விடை வரும்வரை காரில் ஏறாதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன். வள்ளித்தாயம்மா, பந்தல் வாசலைத் தாண்டாதீர்கள். மகளோடு திரும்பி வாருங்கள்.

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி; அனைவருக்கும் என் தலைதாழ்ந்த வணக்கம். என் பாட்டை அழித்துவிட்டேன். வெயிலுகந்தம்மா, என்னை மன்னித்து மேடைக்கு வா, அம்மா.