சந்தனம் பூசிய ஃபியூஸ்

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. முட்டுக்காட்டில் ஒருமுறை குடும்பத்தோடு படகில் ஏறி, கரையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தவன் நான். ஆனால் படகில் ரேடாரைப் பாதுகாப்பாக இயக்குவது எப்படி என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். தொண்ணூறாம் வருஷம் கீழ்க்கட்டளையில் சிட்டிபாபு ஆரம்பித்த கடல்சார் பயிற்சி நிலையத்தில் அதுதான் என் பாடம்.

நீங்கள் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். கீழே பொன்னுரங்கத்தின் மாவு மில், நடுவில் டைப்ரைட்டிங் வகுப்பு, அதற்கு மேல் நாங்கள், மொட்டை மாடியில் ரேடார். உடைத்த கப்பலிலிருந்து வாங்கிய பழைய சாமான். ஆள் நீளத்துக்கும் மேலான அதன் கை, இரும்புத் தூண்மேல் சுற்றும். விமான நிலையத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அலை அனுப்பும் பகுதியைக் கழற்றிவிட்டோம். ஆகவே அது எதையும் பார்க்காது. சும்மா சுற்றும். அதைக் காட்டித்தான் சிட்டிபாபு வண்டலூர்வரை போஸ்டர் ஒட்டி, கப்பல் வேலைக் கனவில் இருந்த பையன்களைப் பிடித்தார்.

பார்க்காத ரேடாருக்குப் பாதுகாப்பு எதற்கு என்று நீங்களும் கேட்பீர்கள். சுற்றுகிறதே, அது போதாதா? விதி எளிது. ரேடார் பக்கம் ஏறுகிறவன் முதலில் கீழே எங்கள் வகுப்பறையில் இருக்கும் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்சின்மேல் 'ஆள் மேலே' என்ற அட்டையை மாட்ட வேண்டும். அவன் இறங்கி வரும்வரை வேறு யாராலும் அதைச் சுற்றவிட முடியாது. இதைச் சொல்லும்போதெல்லாம் பையன்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு ஃபியூஸ் வாத்தியார் என்று பெயர்.

பெயர் வைத்தது குப்புராஜ். செய்முறை வகுப்பு அவனுடையது. காசிமேட்டு விசைப்படகுகளில் போனவன். கையில் ஸ்பானரோடு கதை சொன்னால் பையன்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். என் வகுப்பு வாசலில் வந்து நின்று, "இன்னா சார், மேடவாக்கம் ரோட்ல கப்பலா வந்துகினு கீது? பசங்கள வுடு சார்" என்பான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் மறுக்க மாட்டேன்.

ஆயுத பூஜைக்கு முன்னால் சிட்டிபாபு என்னைக் கூப்பிட்டார். அடுத்த பேட்ச்சிலிருந்து பாதுகாப்புப் பாடம் வேண்டாம், அந்த நேரத்தையும் குப்புராஜுக்கே கொடுத்துவிடலாம், நீங்கள் அட்மிஷன் மேஜையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்துப் பாருங்கள். பாதுகாப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு கூட்டம் படகேறப் போகிறது. உயிர் விஷயத்தில் நான் அலட்சியமாக இருக்கமாட்டேன்.

பூஜையன்று எல்லாக் கருவிகளையும் துடைத்துச் சரஸ்வதி படத்தின் முன் பரப்பினோம். ரேடாருக்கு மாலை போட வேண்டியது குப்புராஜ். சுவிட்சை அணைத்தான், ஃபியூஸைப் பிடுங்கினான். ஆனால் பாக்கெட்டில் போடவில்லை. இதுவும் கருவிதானே, இதற்கு மட்டும் பொட்டு இல்லாமல் போகலாமா என்று, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, படத்தின் முன் தட்டில் வைத்தான். 'ஆள் மேலே' அட்டைக்கும் பொட்டு வைத்துப் பக்கத்தில் சாய்த்தான். அவனைக் காக்க வேண்டிய இரண்டும் பொரிக்கும் சுண்டலுக்கும் நடுவே பக்தியோடு உட்கார்ந்திருந்தன. அவன் மாலையோடு மாடிக்குப் போனான். சிட்டிபாபு மற்றவர்களை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார். நீங்கள் மேஜைமேல் வைத்திருப்பது அதுதான்.

பிறகு எல்லோரும் பூசணிக்காய் உடைக்கத் தெருவுக்கு இறங்கினார்கள். நான் மட்டும் விளக்கைப் பார்த்துக்கொள்ள நின்றேன். மேலே குப்புராஜ் ஏதோ பாட்டு முணுமுணுப்பது படிக்கட்டு வழியாகக் கேட்டது. கீழே பொன்னுரங்கம் பூஜை முடிந்த மில்லை ஒரு சுற்று ஓட்டினார். வழக்கம் அது. நானும் தட்டிலிருந்து ஃபியூஸை எடுத்தேன். கைக்குட்டையால் சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்தேன். அழுக்கு ஃபியூஸ் ஆபத்து, அதுவும் என் பாடத்தில் உண்டு. மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. கட்டச் சொல்லி சிட்டிபாபுவிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். கட்டடத்தின் பின்னால் கேட்ட சத்தத்தைத் தெருவில் இருந்தவர்கள் பூசணிக்காய் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டரிடம், குப்புராஜ் ஃபியூஸைப் பிடுங்காமலே ஏறிவிட்டான், இறங்கிவிட்டான் என்று நினைத்து வழக்கப்படி சுவிட்சைப் போட்டேன் என்றேன். பாதுகாப்பு வாத்தியாரை யார் சந்தேகிப்பார்கள்? பொட்டு வைத்த அத்தனை கருவிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஃபியூஸை யாரும் கவனித்திருக்கவில்லை. எல்லோரும் அவனுடைய அலட்சியத்தைப் பேசினார்கள். அவன் மனைவி சாமுண்டீஸ்வரி மட்டும் நம்பவில்லை. காரியம் முடிந்ததும் என்னைத் தேடி வந்தாள்.

"இருக்காது சார். வூட்ல பல்பு மாத்தக்கூட ஃபியூஸப் புடுங்கி ஜோபில போட்டுகினுதான் ஸ்டூல் ஏறுவாரு. எங்க சார் சொல்லிக்குடுத்ததுன்னு கொழந்தைங்களுக்கும் சொல்லுவாரு."

எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. என் பாடத்தை ஒருவனாவது ஒழுங்காகக் கேட்டிருக்கிறான். பாவம்மா, அன்றைக்கு மறந்திருப்பார் என்று சொல்லி அனுப்பினேன்.

அதன்பிறகு பாதுகாப்புப் பாடத்தை நிறுத்தும் பேச்சே இல்லை. பையன்களை மாடிக்கு அழைத்துப்போய், இங்கேதான் குப்புராஜ் ஃபியூஸை மறந்தான் என்று ஆரம்பிப்பேன். ஒருவனும் கொட்டாவி விட்டதில்லை. சிலர் அழுதார்கள். ஒரு பாடம் மனதில் பதிய வேறென்ன வேண்டும்?

சாமுண்டீஸ்வரிதான் இந்தப் போட்டோவைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள் என்கிறீர்கள். போட்டோவில் குப்புராஜ் இல்லை, தட்டில் ஃபியூஸ் இருக்கிறது. நல்ல கவனிப்பு. அவளும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். ஆமாம், அவன் பிடுங்கித்தான் வைத்தான். அவன் மேலே இருப்பது தெரிந்துதான் நான் மாட்டினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய அறிக்கையில் விபத்து என்று போட்டிருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். என் பொறுப்பில் இருந்த இடத்தில் இதுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை.