ஜோடி

— கத்திய வையுங்க நசீரா மச்சி. எலும்பு வெட்டுற கத்தி அது.

— வைக்க மாட்டேன் ரசூலு! ஆப்பரேசனுக்குப் பம்பாய்க்கு வரியா, இல்ல இங்கயே பொளந்து நானே எடுத்துக்கவா?

— கறி வாங்க ஆளுங்க நிக்கறாங்க. மெதுவாப் பேசுங்க.

— தென்னூரே கேக்கட்டும்! என் புருஷன் சாவறத அவரு இரட்டைப் பொறப்பே வேடிக்கை பாக்குது! டாக்டரு என்ன சொன்னாரு? வேற யாரு கிட்னிய வச்சாலும் ஒடம்பு தள்ளிரும், உன்னோடதுன்னா ஏத்துக்கும்னாரு. உனக்கு ரெண்டு இருக்கே, ஒண்ணக் குடுத்தா என்ன?

— முடியாதுங்க.

— நாக்க நனைக்கத்தான் தண்ணி குடுக்கணுமாம். நேத்து மூஞ்சி கழுவ வச்ச சொம்ப எடுத்துக் குடிக்கப் பாத்தாரு. புடுங்கினேன், அறைஞ்சுட்டாரு. இந்தா, கன்னத்தப் பாரு! அந்த அடி கூட வலிக்கலடா. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், "ரசூலு வந்துட்டானா"ங்கறாரே, அதான் தாங்கல.

— வரலைன்னு சொல்லிருங்க. சாவறவன் சாவட்டும்.

— அடப்பாவி! இந்தா வாங்கிக்க!

— யம்மா! விடுங்க மச்சி! கையக் கிழிச்சுட்டீங்க. ரத்தம் பாத்தாச்சுல்ல? ஆத்திரம் தீந்துச்சா?

— தீராது! சந்தனக்கூடு அன்னிக்கு அவரு குத்திட்டாருன்னுதானே இந்த வன்மம்? கடைச் சண்டையில புத்தி கெட்டுப் போய்க் குத்திட்டாரு. தையல் போட்டு நீயும் எந்திரிச்சு வந்துட்ட. அதுக்கு உசுரையா கேப்ப?

— அன்னிக்கு அண்ணன் எங்க போய்ப் படுத்தாரு, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? தண்டவாளத்துல. நாலு பேரு இழுத்துட்டு வந்தாங்க.

— வெறும் தையல்தான்னு நான் சொல்லி அனுப்புன பொறவுதான் சோத்துல கை வச்சாரு.

— அந்தப் பாசம் இப்ப எங்கடா செத்துப் போச்சு?

— மச்சி, நம்ம கடையில குண்டிக்காய எப்படி விக்கிறோம்?

— பேச்ச மாத்தாத!

— சொல்லுங்க.

— ஜோடியாத்தான். ஒத்தக் கிட்னி கேட்டா உங்க அத்தா அடிக்கவே வந்துருவாரு. அதுக்கென்ன இப்ப?

— ஆட்டுக்கு அது எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்ற கை அண்ணனோடது. அன்னிக்கும் கத்தி சரியா அங்கதான் எறங்குச்சு.

— ரசூலு... என்ன சொல்ற? சட்டைய எதுக்குத் தூக்கற? யா அல்லா, முதுகு வரைக்குமா தையல்!

— என்கிட்ட இருக்கறது ஒத்த மச்சி. இன்னொண்ண அன்னிக்கே எடுத்துட்டாங்க. அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க, என்னையத் திட்டிக்கிட்டே போகட்டும்.