பின்பக்கம் இல்லாத திரை

பேசாத படத்தைப் பேச வைத்தவரே! பாகூரிலும் வில்லியனூரிலும் நெட்டப்பாக்கத்திலும் கொட்டகைக்குள் நுழைந்தவரெல்லாம் முதலில் தேடிய முகமே! நூர் படக் கொட்டகையின் கதைசொல்லி, பெரியவர் பக்கீர் முகமது பாய் அவர்களே! தங்களோடு கூடாரம் அடித்து, தங்களோடு கூடாரம் பிரித்தவர்களின் சலாமும் வணக்கமும்.

சொல்லின் செல்வரே! 1921இல் வந்தீர்கள். பதினெட்டு ஆண்டு எங்களோடு இருந்தீர்கள். படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வது தங்கள் வேலை. படத்தில் வரும் எழுத்து இங்கிலீஷ். தங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் ஒருநாளும் கதை நின்றதில்லை. அமெரிக்க மாமியார் ஒருத்தியைத் தாங்கள் பாகூர் மாமியாராகப் பேச வைத்தபோது மருமகள்கள் கை தட்டினார்கள். மாமியார்கள் மறுநாளும் வந்தார்கள்.

இது ஊர் அறிந்தது. 1929 கோடையில் இதே பாகூரில் நடந்ததை எங்கள் பங்கையும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறோம்.

அந்நாளில் திரை கொட்டகையின் நடுவில் நிற்கும். ஊர்க்காரர்கள் அதற்கு முன்னால் உட்காருவார்கள். சேரிக்காரர்கள் அதற்குப் பின்னால். படம் இரண்டு பக்கமும் தெரியவேண்டும் என்று கூடாரம் அடிக்கும் அய்யனார் திரைத் துணியில் தண்ணீர் அடிப்பார். டிக்கெட் இரு பக்கமும் ஒரே விலை. பின்னால் இருப்பவர்களுக்கு எல்லாம் இடம் வலமாகத் தெரியும். தங்கள் குரலும் பாதிதான் எட்டும். அதுதான் வழக்கம் என்று இருந்தோம்.

ஒருநாள் படத்தில் ராஜா விருந்து சாப்பிட்டார். ஆட்டம் விட்டதும் கூலி வேலை செய்யும் காசம்மாள் தங்களை வழிமறித்தார்.

“இன்னா பாய், உங்க பக்கம் ராஜா சோத்தாங்கையால துன்றாரு. எங்க பக்கம் பீச்சாங்கையால துன்றாரு. எங்களைக் கண்டா ராஜாவுக்குக் கூடவா மரியாதி மறந்து பூடுது?”

நாங்கள் சிரித்தோம். தாங்களும் சிரித்தீர்கள். ஆனால் அன்று தாங்கள் சாப்பிடவில்லை.

மறுநாள் முதல் ரீலுக்குத் திரையின் முன்னால் நின்று கதை சொன்னீர்கள். இரண்டாவது ரீலுக்குத் திரைக்குப் பின்னால் போய்விட்டீர்கள். மூன்றாவதற்கு மறுபடி முன்னால். பாதிக் கதை அங்கே, பாதிக் கதை இங்கே. ரீல் மாற்றும் நேரத்தில் முன்னாலிருந்து ஒருவர் துணியைப் பார்த்துக் கத்தினார்.

“ஏ, அந்தப் பக்கம்! அந்தக் குதிரைக்காரன் இன்னா ஆனான்?”

“செத்துட்டான்!” என்றார் காசம்மாள்.

அடுத்த ரீலில் குதிரைக்காரன் குதிரையோடு வந்து நின்றான்.

“இன்னாம்மே, பொய்யா சொல்ற?”

“இந்தப் பக்கத்துக்கும் ஒரு டிக்கெட் வாங்கிக்கினு வா, நெசம் சொல்றேன்!”

துணிக்கு இருபுறமும் சிரிப்பு. பாகூரில் இரண்டு பக்கமும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்ததை நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

கொட்டகை நின்றது மிராசுதார் ஆதிமூலம் அவர்களின் களத்தில். இன்று அவர் நம்மோடு மணலில் அமர்ந்திருக்கிறார். இதை எழுதலாமா என்று கேட்டோம். “எழுதுங்கப்பா, நடந்ததுதானே” என்றார். அன்று அவர் முதலாளி நிஜாமுதீனைக் கூப்பிட்டு அனுப்பினார். கதை முன்பக்கத்துக்கு மட்டும், இல்லையென்றால் களத்தைக் காலி செய்யவேண்டும் என்றார். வேறு இடம் கிடையாது. கூடாரம் பிரிந்தால் எங்கள் அடுப்பு அணையும்.

நாங்கள் தங்கள் பக்கம் நிற்கவில்லை. அதைச் சபையில் ஒப்புக்கொள்கிறோம். எங்களில் மணவாளன் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “பாய், உங்க வாயால எங்க வூட்டுப் புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா? முன்னாலயே பேசிட்டுப் போங்களேன்” என்றார். மெஷின் ஓட்டும் ஆரோக்கியம் ஒரு படி மேலே போய், வேறு ஆள் பார்க்கலாம் என்று முதலாளியிடம் சொன்னார்.

தாங்கள் கோபப்படவில்லை. “சரிப்பா. பின்னால பேசல. முன்னாலயும் பேசல” என்றீர்கள். அன்று முதல் திரையின் ஓரத்தில் கை கட்டி நின்றீர்கள்.

வாய் மூடியும் வென்றவரே! அப்போது ஓடியது தினம் இரண்டு பாகமாக வரும் தொடர்படம். முதல் நாள் விசில் அடித்தார்கள். இரண்டாம் நாள் மண்ணை வாரி இறைத்தார்கள். மூன்றாம் நாள் ஒருவன் ஒரு துரைசானியை மரப்பாலத்தில் கட்டிப்போட்டுப் பாலத்துக்குத் தீ வைத்தான். அதோடு அன்றைய பாகம் முடிந்துவிட்டது. அவன் யார், அவள் யார், ஏன் தீ வைத்தான்? ஒருவருக்கும் தெரியவில்லை. நான்காம் நாள் ஆட்டத்துக்கு முன் மிராசுதாரே வந்தார். வீட்டுப் பெண்கள் அவரை இதையே கேட்டுத் துளைத்திருந்தார்கள்.

“யோவ் பாய், அந்தப் பொண்ணக் கட்டனவன் அண்ணனா, புருசனா? அத்த மட்டும் சொல்லிடு.”

“சொல்றேங்க. காசம்மாளும் இதையேதான் கேக்குறா. எனக்கு இருக்கறது ஒரு தொண்ட. ரெண்டு பேரும் ஒரே பக்கம் குந்தினீங்கன்னா ஒரே தடவையில சொல்லி முடிச்சிடுவேன்.”

அவர் தங்களைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். நாங்கள் கூடாரக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இன்னிக்கு மட்டும்” என்றார்.

அய்யனார் திரைக்கம்பங்களைப் பிடுங்கி, கொட்டகையின் கடைசித் தட்டியோடு ஒட்டி நட்டார். திரைக்குப் பின்பக்கம் இல்லாமல் போயிற்று. அன்று யாரை விட்டு யார் எத்தனை முழம் தள்ளி உட்கார்ந்தார்கள் என்று கவனித்தோம். பாலம் எரிந்தபோது அந்த முழங்களைக் காணவில்லை. கட்டினவன் அண்ணன் என்று சொன்னீர்கள். உண்மையில் அவன் யார் என்று தங்களுக்கும் தெரியாது என்பதை இன்றுதான் வெளியே சொல்கிறோம்.

“இன்னிக்கு மட்டும்” பத்து ஆண்டாக நடக்கிறது. வேறு ஊர்களில் கம்பத்தை நடுவில் நடச் சொன்னால், பாகூரிலேயே அது கிடையாது என்று சொல்ல நாங்களும் பழகிக்கொண்டோம்.

1935இல் நம் கொட்டகையிலும் படம் தானே பேசத் தொடங்கியது. இனித் தங்களுக்கு வேலை இல்லை என்று நினைத்தோம். மறுபடியும் தவறாக நினைத்தோம். நம்மிடம் இருப்பது ஒரே மெஷின். ரீல் மாற்ற ஐந்து நிமிஷம். அந்த நேரத்தில் புதுச்சேரியிலிருந்து வரும் பத்திரிகையைத் தாங்கள் உரக்க வாசித்தீர்கள். “இது பட்டணத்துச் சேதி. உங்க சேதி இன்னா?” என்று கேட்டீர்கள். யாராவது எழுந்து குறை சொல்வார்கள். பதில் வரும்வரை தாங்கள் அடுத்த ரீலுக்கு மணி அடிப்பதில்லை. மணி அடிக்காமல் ஆரோக்கியம் மெஷினை ஓட்டுவதில்லை.

வில்லியனூரில் சின்னப்பிள்ளை என்ற கூலியாள் எழுந்தார். “எங்க தெருக் கெணறு தூந்து போச்சு. வெட்ட ஆள் இருக்கு, எடந்தான் இல்ல.” தாங்கள் மணியைத் தொடவில்லை. கடைசியில் இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: “என் கொல்லை மூலையில வெட்டிக்கோங்க சாமி! மணிய அடிங்க, படத்துல அந்தம்மா அழுதுக்கினே நிக்கறாங்க!” அந்தக் கிணற்றில் இன்றும் தண்ணீர் இறைக்கிறார்கள்.

இப்போது முழங்கால் வலி என்று ஓய்வு கேட்டீர்கள். திருவாண்டார்கோயிலில் மகள் அஸ்மாவின் வீட்டுக்குப் போகிறீர்கள். பத்திரிகையை இனி மணவாளன் வாசிப்பார். மணி காசம்மாளிடம் போகிறது. பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்க அவர் வந்து ஆறு ஆண்டு ஆகிறது. “பதில் வராம மணி அடிச்சன்னா என் பேர மாத்திக் கூப்புடு” என்று சொல்லியிருக்கிறார்.

தங்கள் கால் தேறட்டும். தொண்டை தெளிவாக இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் கதை கேட்டுத் தங்களைத் தூங்கவிடாமல் செய்யட்டும். நூறாண்டு நலமாக இருங்கள்.

ஒரு வேண்டுகோள். பதினெட்டு ஆண்டில் தாங்கள் ஒரு படத்தையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. இன்று பாருங்கள். தங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடலாம் என்றார் முதலாளி. நாங்கள் வேண்டாம் என்றோம். இந்தக் கொட்டகையில் யாருக்கும் தனி இடம் கிடையாது. அப்படிச் செய்தது தாங்கள். ஆகவே கொஞ்சம் முன்னதாக வந்து, கிடைத்த இடத்தில் உட்காருங்கள்.

தங்கள் அன்புள்ள,
ஆரோக்கியம் (மெஷின்)
மணவாளன் (வாசல்)
அய்யனார் (கூடாரம்)
காசம்மாள் (பெண்கள் வாசல் – கைநாட்டு)

நூர் படக் கொட்டகை
முகாம்: பாகூர்
12 மார்ச் 1939