புதுத் தொட்டிக்குப் பதினான்கு நாள்

சின்ன வயதிலிருந்தே எனக்குச் செடிகொடி என்றால் உயிர். பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம் எங்களுடையது. ஒரு செடி வாடி நின்றால் எனக்குச் சோறு இறங்காது. விசாரணை அதிகாரி அம்மா அவர்கள் நடந்ததை உள்ளது உள்ளபடி கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் குருமூர்த்தி, வயது ஐம்பத்து மூன்று. ஓசூர் தொழிற்பேட்டையில், கார்களுக்கு ஒயர்க் கட்டுகள் செய்யும் ஆலையில் நிர்வாக மேலாளர். தவறு செய்தவன் நான்தான். இதில் வேறு யாரையும் இழுக்க எனக்கு மனமில்லை.

ஜனவரியில் எங்கள் எம்.டி.யின் மனைவி, நாங்கள் எம்.டி. மேடம் என்று கூப்பிடுபவர், அந்தச் செடியைப் பெங்களூரிலிருந்து காரில், மடியில் வைத்தே கொண்டுவந்தார். ஆந்தூரியத்தில் ஓர் அபூர்வ வகை. தென்னமெரிக்க மழைக்காட்டுப் பிறவி. வெல்வெட் துணி போல் கரும்பச்சை இலை, அதில் வெள்ளை வெளேரென்று நரம்புகள். முழுப் பெயர் யார் நாக்கிலும் நுழையவில்லை. வரவேற்பறையில் வைத்தோம். அட்டை இல்லாமல் ஆலைக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பது நான் கொண்டுவந்த விதி. ஆகவே தொட்டியின் கழுத்தில் ஒரு விசிட்டர் அட்டையையும் மாட்டினேன். தணிக்கைக்கு வந்தவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் பாராட்டிப் போனார்கள்.

இரண்டே வாரத்தில் இலையோரம் கருகியது. ஏ.சி. காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது. எம்.டி. மேடம் போனில் கூப்பிட்டு, "குருமூர்த்தி, இனிமே அது உங்க பொறுப்பு" என்றார். இருபத்தாறு வருட சர்வீஸில் அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் முறை. சந்தோஷத்தில் அன்று மதியம் எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

காற்றின் ஈரத்தை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு ஆலை முழுக்கச் சுற்றினேன். வரவேற்பறையில் நாற்பத்தொரு சதவீதம். என் அறையில் முப்பத்தெட்டு. கேன்டீனில் ஐம்பத்தைந்து, ஆனால் எண்ணெய்ப் புகை. ஒயர் கட்டும் கூடத்தை ஒட்டிய பெண்கள் கழிப்பறையில் எழுபத்தாறு காட்டியது. மங்கிய கண்ணாடி ஜன்னல், இதமான வெளிச்சம். முதலில் ஒரு மூலையில்தான் வைத்தேன். முந்நூற்றுச் சொச்சம் பெண்கள் வருவதும் போவதுமாகக் கதவைத் திறக்கத் திறக்க மீட்டர் இறங்கியது. பனிபோல நீர் தூவும் மெஷின் ஒன்றை உள்ளே வைத்து, கதவைப் பூட்டிச் சாவியை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் மீட்டரில் எண்பத்திரண்டு.

பெண்களுக்குக் கழிப்பறை இல்லாமல் செய்தேன் என்று பேசுகிறார்கள். அது தவறு. லாரிகள் நிற்கும் வெளி முற்றத்தைத் தாண்டினால் வடக்குக் கட்டடத்தில் இன்னொன்று இருக்கிறது. அம்புக்குறி போட்டு அறிவிப்பு ஒட்டினேன். பிளாஸ்டிக் உறை போட்ட அறிவிப்பு.

லைன் சூப்பர்வைசர் அருணா மறுநாளே என் அறைக்கு வந்தாள்.

"சார், வடக்கு பில்டிங்குக்குப் போயிட்டு வரவே பன்னண்டு நிமிசம் ஆவுது. பிரேக்கே பத்து நிமிசம்தான். லேட்டா வந்தா மேல இருக்கிறவங்க லைன்ல சேத்துக்க மாட்டேன்றாங்க."

"வேகமா நடக்கச் சொல்லும்மா. உடம்புக்கும் நல்லது" என்றேன்.

"வயித்துல இருக்கிறவங்களும் ஓடணுமா சார்?"

அருணா வேலையில் கெட்டி, வாய்தான் கொஞ்சம் நீளம். அவள் அதை எழுத்திலும் கொடுத்தாள். என் கோப்பில் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

பிரச்சினை என்று வந்தால் வேரைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆலையின் பயிற்சி. ஏன் கழிப்பறைக்குப் போகிறார்கள்? தண்ணீர் குடிப்பதால். ஏன் குடிக்கிறார்கள்? தண்ணீர்க் கேன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால். கேன்களைக் கூடத்தின் கோடிக்கு மாற்றினேன். 'அளவறிந்து நீர் அருந்துவோம்' என்று ஒரு சுற்றறிக்கையும் விட்டேன். தினம் பன்னிரண்டு கேன் தீர்ந்த இடத்தில் நான்கே போதுமானதாயிற்று. மாதாந்திரக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது கை தட்டினார்கள். அந்தப் பெண்களில் பலர் நாற்று நட்டும் களை பறித்தும் வெயிலில் நாள் முழுக்க நின்ற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். எங்கள் வயலிலேயே அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தாங்குவார்கள் என்று மனதார நம்பினேன்.

மார்ச்சில் செடி புதுத் துளிர் ஒன்று விட்டது. வேர்கள் தொட்டியின் அடி ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்த்தன. பெரிய தொட்டிக்கு மாற்றலாம் என்று நர்சரி வைத்திருக்கும் கோவிந்தப்பனிடம் போட்டோ காட்டினேன்.

"பேடா சார், இப்ப வேணாம். சுருள் பிரியற நேரத்துல வேர்ல கை வெச்சா தாங்காது. இலை முத்தட்டும். அவசரம்னா செடிய இங்க கொண்டாந்து வுட்ருங்க. பாலிஹவுஸ்ல நான் பாத்துக்கறேன். காசெல்லாம் வேணாம்."

நல்ல மனிதர். ஆனால் தினம் காலை ஒன்பது மணிக்குச் செடியின் போட்டோ ஒன்றை எம்.டி. மேடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். உடனே பதிலுக்கு ஒரு பச்சை இதயம் வரும். செடி கோவிந்தப்பனிடம் போய்விட்டால் போட்டோ அவரல்லவா எடுப்பார்? பெரிய தொட்டியில் பார்த்தால் மேடம் சந்தோஷப்படுவார் என்று எனக்குத் தோன்றியது. நானே மாற்றினேன். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, ஊறவைத்த பாசி எல்லாம் கலந்து, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்குவது போலத் தூக்கி வைத்தேன். வேர் பிடிக்கும்வரை பதினான்கு நாள் ஈரம் எண்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது. கதவை ஒருமுறை திறந்தாலும் அறுபத்து நான்குக்கு வந்துவிடும்.

மூன்றாம் நாள் மாதேஸ்வரி வந்தாள். தங்கள் கேள்வித்தாளில் உள்ள ஏழு கேள்விகளில் ஆறு அவளைப் பற்றியவை. ஆகவே அதையும் எழுதுகிறேன். ஒப்பந்தத் தொழிலாளி. வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து விடிகாலைப் பஸ்ஸில் வருபவள். ஐந்து மாதக் கர்ப்பம். என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், சாவி குடுங்க சார். ரெண்டே நிமிசம். அடிவயிறு சுருக்குனு குத்துது, அவ்ளோ தூரம் நடக்க முடியல. செடி கிட்டயே போவமாட்டேன்."

நான் அவளை விரட்டவில்லை. உட்காரச் சொன்னேன். வேர் என்றால் என்ன, ஈரம் என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினேன். "இன்னும் பதினோரு நாள்தானம்மா. நீயும் தாயாகப் போறவ. புது உயிரை எப்படிப் பார்த்துக்கணும்னு உனக்கா சொல்லித் தரணும்?" என்றேன்.

"அது செடிங்க சார்" என்றாள்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. சாவி என் சட்டைப் பாக்கெட்டில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள் என்றும் நினைக்கிறேன். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். பிறகு வரவில்லை. சரியாகிவிட்டது போலும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கடுங்காய்ச்சலில் லைனிலேயே சுருண்டு விழுந்தாள். அருணா ஓடிவந்து, முகம் கழுவிவிட அந்த அறையைத் திறக்கச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்காக எதற்குத் திறப்பது என்று நான் கேன்டீனிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். சிறுநீரில் கிருமி தொற்றி மேலே சிறுநீரகம்வரை ஏறிவிட்டதாம். அன்று சாயங்காலம் குழந்தை தங்கவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. பெண் குழந்தை என்றார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆலை சார்பில் பழக்கூடை அனுப்பினேன்.

அவள் கணவன் ஆனந்தராஜ் மறுநாள் ஆலைக் கேட்டுக்கு வந்தான். சத்தம் போடுவான் என்று செக்யூரிட்டியைத் தயாராக வைத்திருந்தேன். அவன் சத்தமே போடவில்லை.

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போவணுமேன்னு ரெண்டு மாசமா தண்ணியே குடிக்காம இருந்துக்கிறா சார். ஊட்லருந்து கொண்டுபோன பாட்டில அப்பிடியே ரொப்பின மாதிரி திருப்பி எடுத்தாருவா. கேட்டா, தாகமே எடுக்கலன்னுவா."

குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. அதை அவனிடம் பக்குவமாகச் சொன்னேன்.

அன்று மதியமே பெண்கள் லைனை நிறுத்திவிட்டுப் பூட்டை உடைத்தார்கள். அருணாதான் முன்னால் நின்றாள். அவர்கள் செடியை நாசம் செய்துவிட்டார்கள் என்று நிர்வாகம் தங்களுக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதியிருக்கிறது. மனசாட்சிக்கு விரோதமாக அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் கூடவே போய்ப் பார்த்தேன். ஒருத்தியும் இலையின்மேல் விரல் வைக்கவில்லை. அட்டையோடு தொட்டியை அப்படியே தூக்கி என் அறை வாசலில் வைத்துவிட்டு, ஒருவர்பின் ஒருவராகக் கழிப்பறைக்கு வரிசையில் நின்றார்கள்.

செடி அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. தண்டை லேசாகத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் பழுப்பாகக் கொழகொழவென்று அழுகியிருந்தது. கோவிந்தப்பன் சொன்னது அப்படியே நடந்தது. துளிர் பிரியும் நேரத்தில் மாற்றினேன். போதாக்குறைக்குத் தண்ணீரையும் அளவுக்கு மீறி ஊற்றிவிட்டேன். மறுநாள் ஒன்பது மணிக்கு அனுப்பப் போட்டோ இல்லை. எம்.டி. மேடமும் ஏனென்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. மாதேஸ்வரிக்கு இருபத்து மூன்று வயது, இன்னும் காலம் கிடக்கிறது. அந்த வகைச் செடி பெங்களூரிலேயே இரண்டோ மூன்றோதான். என்னை நம்பி ஓர் உயிரை ஒப்படைத்தார்கள். எச்சரித்தவர் பேச்சைக் கேட்காமல், பெயர் வாங்கும் ஆசையில் அவசரப்பட்டு அதைக் கொன்றேன். இந்தச் சாவுக்கு நான் ஒருவனே பொறுப்பு. எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்த பிறகும், வரும் வியாழக்கிழமை விசாரணைக்கு மாதேஸ்வரியை எதற்காகக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.