'அவர்களின் மனைவி'க்கு விழுந்த கிரைண்டர்

— ஆசிஃபா, நிறுத்தி நிதானமா இன்னொரு தடவை வாசி. முதல் பரிசு கிரைண்டர் யாருக்கு?

— 'அவர்களின் மனைவி'க்குங்க ஆன்ட்டி.

— எவர்களின் மனைவி?

— அதான் தெரியல. கம்ப்யூட்டர்ல அவ்ளோதான் வந்திருக்கு.

— பொங்கல் விழாவுல முந்நூறு பெண்கள் எதிர்ல, மகளிர் மன்றத் தலைவி நான், மைக்கைப் பிடிச்சு அதைச் சொல்லணுமா? சீட்டெழுதிக் குடத்துல குலுக்கியிருக்கலாம். நீதானே 'சி'ங்கற கம்ப்யூட்டர் மொழில ப்ரோக்ராம் எழுதறேன், ஒரு நொடியில ஆளை எடுத்துடும்னே?

— எடுத்துடுச்சே ஆன்ட்டி! மொதல்ல தமிழெல்லாம் கேள்விக்குறியா வந்துச்சு. அப்புறம் தமிழ் மாதிரி 'அகல எழுத்தை'யும் வாசிக்கற ஃபங்ஷனுக்கு மாத்தினேன். இப்ப எழுத்து முத்து முத்தா வருது.

— முத்து இருக்கு, ஆள் எங்கே?

— பட்டியல்ல ஆளுக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு இவ்ளோ எழுத்துன்னு எடம் குடுத்திருக்கேன். வரி நீண்டா, எடம் இருக்கற வரைக்கும்தான் எடுத்துக்கும். மிச்சம் அழியாது, வாசல்லயே நிக்கும். அடுத்த தடவை வாசிக்கறப்ப அது தனி ஆளா உள்ள வந்துடும். சேத்தியாத்தோப்பு பஸ்ல புருஷனை ஏத்திட்டு, எடமில்ல, பொண்டாட்டி அடுத்த பஸ்ல வாம்மாங்கற மாதிரி.

— வரியை யார் நீட்டச் சொன்னது?

— நீங்கதான் ஆன்ட்டி. பொம்பளைங்க பேரு வேணாம். கணவரோட சுரங்கம், ஷிப்ட், பதவி, 'திரு' இன்னார், 'அவர்களின் மனைவி', இதுதான் முறைன்னீங்க.

— முறை எப்பவும் தப்பாகாது.

— மேடம், உள்ள வரலாமுங்களா? வெளிய ஒரே தள்ளுமுள்ளு.

— வா இளவேனில். என்ன கூச்சல்?

— நீங்க உள்ள பேசினது வெளிய கேட்டுடுச்சுங்க. 'அவர்களின் மனைவி' நான்தான்னு சொல்லிக்கினு நாப்பது பேரு வரிசையில நிக்கிறாங்க. ஒரு அம்மா கல்யாண ஆல்பத்தையே தூக்கிக்கினு வந்துட்டாங்க.

— நீயும் கேட்க வந்தியா?

— ஐய, நான் எதுக்குங்க? நான் என் பேரைத்தான எழுதினேன். கான்ட்ராக்ட் வேலைக்குப் போறவ நானு. எங்க வூட்டுக்காரருக்கு என்ன பதவின்னு எழுத? தூங்கிக்கினு கெடக்கறாரு.

— அன்னிக்கே உன்னைக் கண்டிச்சேன்.

— ஆன்ட்டி, இதுக்கு முந்தின வரி யாருதுன்னு பார்த்தா ஆள் தெரிஞ்சிடும். ஒரு நிமிஷம்...

— பார்க்கக் கூடாது! வேண்டியவங்களுக்குத் தேடிக் கொடுத்தேன்னு பேசுவாங்க. என் வீட்டு கிரைண்டர் நின்னு ஒரு மாசமாச்சு. மிக்ஸியில அரைச்ச இட்லியை எங்க வீட்டுக்காரர் கேரம்போர்டு காயாட்டம் சுண்டிப் பார்க்கறார். அப்பவும் எனக்குன்னு சலுகை கேட்டேனா?

— கேக்கல. ஆனா...

— ஆனாவும் இல்லை, ஆவன்னாவும் இல்லை. மைக்கைக் கொடு. அன்பார்ந்த சகோதரிகளே! 'அவர்களின் மனைவி' என்று இந்நகரியத்தில் தனியாக எவரும் இலர். ஆகவே அப்பரிசு செல்லாது. தலைவியின் தீர்ப்பு இறுதியானது. அவரே நேரில் வந்து அழுதாலும் மாற்றப்படாது! ஆசிஃபா, மறுபடி எடு.

— எடுத்துட்டேன். 'இளவேனில்'.

— அவ்வளவுதானா?

— முழுசா வந்திருக்கு ஆன்ட்டி. சின்னப் பேரு, எடத்துல அடங்கிடுச்சு.

— ஐயோ, எனக்கா! மேடம், எனக்கா!

— உனக்குத்தான், குதிக்காதே. ஆசிஃபா, தீர்ப்புதான் சொல்லியாச்சே, இப்ப பார். யார் அந்தப் பேரில்லாதவ?

— வேணாம் ஆன்ட்டி.

— பாருன்னேன்.

— முந்தின வரி... 'முதலாம் சுரங்கம், முதல் ஷிப்ட், சீனியர் போர்மேன், உயர்திரு மதிவாணன்'.

— நம்ம மதிவாணன் சாரா? அப்ப அந்த மனைவி நீங்கதானுங்களே மேடம்!

— மத்தவங்கல்லாம் வெறும் 'திரு' ஆன்ட்டி, எடத்துல அடங்கிட்டாங்க. நீங்க மட்டும்தான் 'உயர்'னு சேர்த்து...

— போதும்.

— மேடம், கிரைண்டரை நீங்களே எடுத்துக்கினு போங்க.

— தீர்ப்பு இறுதியானதுன்னு மைக்கில சொன்னது யாரு? நீயே கொண்டு போ. காலையில அரிசி ஊறவெச்சு எடுத்துட்டு உன் வீட்டுக்கு வர்றேன். உன் வீட்டுக்காரர் முழிச்சிருந்து யாருன்னு கேட்டா, போர்மேன் வீட்டம்மான்னு நீட்டாதே. ருக்குமணின்னு சொல்லு. சின்னப் பேருதான், அடங்கிடும்.