விமலகுமாரிக்க வாட்ச்

இல்ல மக்கா, நீ அதத் திருப்பித் திருப்பிப் பாக்காண்டாம். கீறல் கெடையாது, வெள்ளமும் ஏறல்ல. எனக்கு வேண்டியது ஒரு கடலாசு, அவ்வளவுதான். இந்த வாட்ச் கேடாக்கும், ஆளு விழுந்தாலும் கூப்பிடாதுன்னு ரெண்டு வரி இங்கிலீஷ்ல எழுதி, கீழ ஒனக்க கடை சீலு ஒண்ணு குத்திக் குடு. நாளைக்கு மோன் வாறான். சிபி. மஸ்கட்ல இருந்து அம்மையப் பாக்க வாறவன் மொதல்ல கேக்கப் போறது இந்தக் கடலாசத்தான். கம்பெனிக்காரன சும்மா விடமாட்டேன், பேஸ்புக்ல போட்டுக் கிழிப்பேன்னு போன்ல நின்னு துள்ளுகான். மெக்கானிக் எழுதித் தந்தாத்தான் அவனுவ அனங்குவானுவன்னு சொன்னான். அதுக்காக்கும் நீ கடை தொறக்கதுக்கு முன்னாடியே நான் வந்து வாசல்ல நிக்கது.

அப்பம் ஒனக்கு முழுசாத் தெரியாதா? ஒனக்க அப்பன் சொல்லல்லியா? செவ்வாக்கெழமையாக்கும். காலத்தே ஒன்பதரை இருக்கும். எனக்க வீட்டுக்காரி விமலகுமாரி துணி அலக்கப் போனவ, வீட்டுக்குப் பொறத்த அலக்குகல்லுப் பக்கத்துல பாசியில வழுக்கி விழுந்துட்டா. இடுப்பெலும்பு ரெண்டாப் போச்சு. பதினொண்ணே முக்கால் வரைக்கும் அந்த எடத்துலயே வெயில்ல கெடந்தா. கையில இந்த வாட்ச்சுச் சவத்தக் கெட்டிக்கிட்டுத்தான் கெடந்தா. பக்கத்து வீட்டு ராபின்சனுக்க பெண்டாட்டி தங்கபாய் ஆட்டுக்குப் பிலாவெல ஒடிக்க வந்ததுனால கண்டா, இல்லன்னா நான் இன்னைக்கு இங்க வந்து நிக்க மாட்டேன். இப்பம் காரக்கோணத்துல ஆஸ்பத்திரியில கெடக்கா. கம்பி வச்சாச்சு. நடப்பாளான்னு கேட்டா டாக்டரு பாப்போம்னு சொல்லுகாரு. பாப்போம்னா என்ன அர்த்தம், நீயே சொல்லு.

சாயா வேண்டாம். நீ வேலையப் பாரு. தேஷ்யப்படாம பின்ன நான் சிரிக்கணுமா? இந்த வாட்ச்ச வாங்கி அனுப்பும்போ சிபி ஒரு விளம்பரமும் கூட அனுப்பினான். அதுல ஒரு வெள்ளக்காரக் கெழவன் சைக்கிள்ல இருந்து தொப்புன்னு விழுகான். வாட்ச் தானே மோளக் கூப்பிடுது, மோளு ஓடி வாறா, கெழவன் எந்திச்சிருந்து சிரிக்கான். அத விமலைக்கு ஒரு பத்து தடவ போட்டுக் காட்டியிருப்பேன். பாத்தியா, விழுந்தா அஞ்சு நிமிசத்துல ஆளு வரும், ஒண்ணுக்கும் பயப்படாண்டாம்னு சொன்னேன். அவளும் நம்பினா.

ஏமாத்துப் பயலுவ, எல்லாவனும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காத. முப்பது வருசம் பஸ்ஸுல கண்டக்டரு. டிக்கெட்டு மெஷின் வந்தப்பம் டிப்போவுல மொதல்ல படிச்சவன் இந்த ராஜையாவாக்கும், மத்தவனுக்கெல்லாம் கையப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். இப்பமும் புதுசா ஒரு போன் எறங்கினா அதுக்க வீடியோவப் பாக்காம விடமாட்டேன். பாத்துப் பாத்துத்தான் சொல்லுகேன். போன் விப்பான், பெட்டியில சார்ஜர் வைக்க மாட்டான். கேட்டா பூமியக் காப்பாத்துகானாம். அதே சார்ஜரத் தனியா ஒரு பெட்டியில போட்டு விப்பான், அப்பம் பூமிக்கு ஒண்ணும் ஆவாது. மடக்குத போன்னு ஒண்ணு எறக்கியிருக்கான். மடக்கின எடத்துல சுருக்கம் விழுது. சட்டையா அது, தேச்சுப் போட. பிரிட்ஜுக்குக் கதவுல டிவி வச்சிருக்கான், தொறக்காமலே உள்ள என்ன இருக்குன்னு காட்டுமாம். உள்ள நெத்திலி இருக்குன்னு தெரிய எனக்கு மூக்கு இல்லியா? என்னத்த எடுத்தாலும் இப்பம் ஏ.ஐ. மிக்சியில ஏ.ஐ., பல்லு தேய்க்குத பிரஷ்ல ஏ.ஐ. ஒருத்தி ரெண்டேகால் மணிக்கூறு வெயில்ல கெடந்தா, அத மட்டும் ஒருத்தனுக்க ஏ.ஐ.யும் கண்டுபிடிக்கல்ல.

கம்பெனியக் கூப்பிடாம பின்ன? நேத்து முழுக்க அந்த கஸ்டமர் கேருல தொங்கிட்டு கெடந்தேன். ஒரு பொம்பளக் கொரலு. மனுசி இல்ல, மெஷினு. தமிழுக்கு ஆறாம், மலையாளத்துக்கு எட்டாம். நான் பேசுதது ரெண்டும் சேந்ததாக்கும், ஏழயா அமத்த முடியும்? ஆற அமத்தினேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானதுன்னு இருபது நிமிசம் பாட்டுப் போட்டுட்டு வச்சிட்டா.

என்னது? ஆஃப்ல கெடக்கா? எது ஆஃப்ல கெடக்கு? விழுந்தா கூப்பிடுதது மட்டுமா. மணி ஓடுது, நடத்தம் ஓடுது, நெஞ்சிடிப்பு ஓடுது, அது மட்டும் ஆஃப். அப்பம் அப்டேட்டுல போயிருக்கும். அதான் சங்கதி. போன மாசம் எனக்க போன்ல ஒரு அப்டேட்டு வந்து, காலத்தே எந்திச்சுப் பாத்தா எடது பக்கம் கெடந்த பட்டன் வலது பக்கம் கெடக்கு. ஆருகிட்ட கேட்டு மாத்தினான்? வீட்டுக்காரன் ஒறங்கும்போ உள்ள ஏறி கட்டிலத் திருப்பிப் போடுத மாதிரியாக்கும் இது. அப்பிடியே எழுது மக்கா. அப்டேட்டு போட்டுக் கம்பெனி கெடுத்துட்டுன்னு எழுது.

அப்டேட்டு அத அணைக்காதா? எலே, நீ கம்பெனிக்காரனுக்க ஆளா, இல்ல நம்ம ஊரு பாறசாலைக்காரனா? ஒனக்க அப்பன் வேலாயுதனும் நானும் ஒரே பெஞ்சுல இருந்து படிச்சவங்களாக்கும்.

எதுக்கு அத ஒனக்க கையில கெட்டுக? ஆன் பண்ணியாச்சா. செரி, அடிச்சுப் பாரு. அந்த நாற்காலி மெத்தையில அடி, நல்லா ஓங்கி அடி. எத்தன அடிச்சாலும் ஒரு மண்ணும் நடக்காது, நான்தான் சொல்லுகேன்லா, அது கேடாக்கும், அது

அமத்து. மக்கா, அமத்து அத. அதுல இல்ல, கீழ, பச்சையில. நான் நல்லாருக்கேன்னு இருக்கும் பாரு, அதுல அமத்து. ஒரு நிமிசம் விட்டா சிபிக்குப் போயிரும். இந்த விமலைக்க போனும் எனக்க பாக்கெட்டுலதான் கெடக்கு. நின்னுதா? நல்லாப் பாரு, நின்னுதா?

ம். வேலை செய்யுது.

மக்கா, ஒண்ணு கேக்கட்டு. என்னைக்கு அணைச்சது, ஆரு அணைச்சதுன்னு அதுக்க உள்ள எழுதி வச்சிருக்குமா? சிபி இதுலயெல்லாம் கெட்டிக்காரன். நோண்டினாக் கண்டுபிடிப்பானா? நல்லாப் பாத்துச் சொல்லு. காட்டாதா? போன்லயும் காட்டாதா? அப்பம் ஆருக்கும் தெரியாது.

விமலையா? அவ கை தட்டி தானே அணைஞ்சிருக்கும்னா சொல்லுக? உபயோகிச்ச ஆளு அறியாம அணைச்சிட்டுன்னு எழுதித் தருவியா. எழுதலாம். சிபியும் நம்புவான். அம்மைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டிருவான்.

வேண்டாம் மக்கா. அவளுக்கு அதுல மணி பாக்கத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. சார்ஜ் போடுதது நான், கையில கெட்டி விடுதது நான். அணைச்சதும் நான்தான்.

எதுக்குன்னா கேக்க? நாணக்கேடு. வேற என்ன. போன மாசம் வீட்டுல ஜெபக்கூட்டம். சர்ச்சுல இருந்து ஒரு முப்பது பேரு வந்து ஹாலு நெறஞ்சு இருக்காங்க. எல்லாரும் முட்டுகுத்தி ஜெபிப்போம்னு போதகர் சொன்னாரு. விமலைக்கு முட்டு ரெண்டும் வாதம். பைய எறங்கத் தெரியாது. ஒரு கையத் தரையில அடிச்சு ஊணி, தொப்புன்னு விழுந்துதான் முட்டுகுத்துவா. நாப்பது வருசமா அப்பிடித்தான், சபைக்கே தெரியும். இந்தச் சவத்துக்குத் தெரியாதுல்லா. அவ விழுந்துட்டான்னு நெனச்சு துடிக்குது, கத்துது. அவளும் அறிஞ்சா. ஆனா ஜெபத்துக்க நடுவுல கண்ணத் தொறக்கப்பிடாதுன்னு கைகூப்பி அப்பிடியே இருக்கா. நான் ஆம்பிளைங்க பக்கத்துல, ஏந்திப் பிடிக்கக்கூட எட்டல்ல. நிமிசம் கழிஞ்சு, சிபிக்குப் போயாச்சு. அவன் அங்கன கெடந்து வாட்ச்சு வழியா அம்மா அம்மான்னு கத்துகான், இவ வாயத் தொறக்கல்ல. என்னக் கூப்பிட்டா எனக்க போன் அணைச்சு வச்சிருக்கு, ஜெபம்லா. அவன் ராபின்சனக் கூப்பிட்டான். ராபின்சன் கைலியும் தோள்ல தோர்த்துமா ஓடி வந்து, எங்க விமலக்கா, உயிரு இருக்கான்னு கேட்டு ஜெபத்துக்க நடுவுல நிக்கான்.

சிரிக்காத. அன்னைக்கு அப்பிடித்தான் எல்லாவனும் சிரிச்சான். ஆமென் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல்ல. போதகர் எறங்கிப் போகும்போ எனக்க தோள்ல தட்டிட்டுச் சொல்லுகாரு, ராஜையா, கர்த்தர் பாத்துக்கிட மாட்டாரா, வாட்ச்சும் பாக்கணுமான்னு. வெளையாட்டாத்தான் சொன்னாரு. எனக்குத் தொலி உரிஞ்சு போச்சு. அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குப் போனா வாசல்லயே கேக்கான், இன்னைக்கு ஆம்புலன்ஸ் வருமான்னு. கமிட்டியில இருக்கவன் நான். வீட்டுக்கு வந்து வீடியோ பாத்தேன், மூணு தட்டு, அணைச்சாச்சு. அவகிட்ட சொல்லல்ல. சொன்னா சிபிகிட்ட சொல்லுவா, அவன் அங்கன இருந்து என்னப் படிப்பிப்பான். டிப்போவுக்கே மெஷின் படிப்பிச்சவனுக்கு மோன் படிப்பிக்கணுமா.

செவ்வாக்கெழம நான் எங்க இருந்தேன்னா? ஒனக்க அப்பன்கிட்ட கேளு. முக்குல சாயாக்கடையில வேலாயுதனும் நானும் அந்த மடக்குத போனுக்குச் சண்ட போட்டுட்டு இருந்தோம். அவன் நல்லதுங்கான், நான் ஏமாத்துங்கேன். ஒன்பது மணிக்குத் தொடங்கினது. ராபின்சன் கூப்பிட்டப்பமும் அதத்தான் பேசிட்டு இருந்தோம்.

அணைச்சத மட்டும்னா நான் தாங்குவேன் மக்கா. தங்கபாய் வந்து பாக்கும்போ விமல வாட்ச்ச வாய்க்குப் பக்கத்துல வச்சுப் பேசிட்டு கெடக்காளாம். சிபியே, அலக்குகல்லுப் பக்கத்துல கெடக்கேன், ஆள அனுப்பு மக்கான்னு. தொண்ட வறண்டு போயிருக்கு, பேச்சு வெளிய வரல்லியாம், ஆனாலும் நிறுத்தல்லியாம். ராபின்சனுக்க வீடு எத்தன தூரம்? அந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்க ஆட்டோ, அத்தனதான். ஒரு கூப்பாடு போட்டா அவனுக்குக் கேக்கும். அவ போடல்ல. எதுக்குப் போடணும், அன்னைக்கு ஜெபத்துல சும்மா இருந்ததுக்கே ஆளு ஓடி வந்துல்லா. இன்னைக்கும் இப்பம் வரும், இப்பம் வரும்னு கெடந்திருக்கா.

இருக்கட்டு, நீ குடிக்க வெள்ளம் ஒண்ணும் எடுக்காண்டாம். எனக்கு ஒண்ணும் இல்ல.

சிபி கம்பெனிக்கு எழுதினதுக்கு முந்தாநாள் பதிலு வந்துதாம், நீங்க அத ஆன் பண்ணாம வச்சிருப்பீங்கன்னு. அவன் உடனே அம்மையக் கூப்பிட்டான். நான் கட்டில் பக்கத்துல ஆரஞ்சு உரிச்சுட்டு நிக்கேன். அம்மா, அது ஆன்ல இருந்துதா, நல்லா ஓர்மிச்சுச் சொல்லுன்னு கேக்கான். அவ சொல்லுகா, ஆன்லதான் இருந்துது மக்கா, அலக்கப் போறதுக்கு முன்னாடி அப்பா சாயாக்கடைக்கு எறங்கினாரு, நான் கைய நீட்டி இது ஆன்ல உண்டான்னு கேட்டேன், அப்பா பாத்துட்டு உண்டுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு, இந்தா அப்பாகிட்டயே கேளுன்னு போன எனக்க கையில தந்தா.

நான் வாங்கினேன். ஆமா மக்கா, நான் பாத்தேன், ஆன்லதான் இருந்துதுன்னு சொன்னேன்.