நெல்லளவு நகர்ந்த பந்து

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் கிளம்பியதுமே முன் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"குழியில பந்து தள்றவனுக்குப் பை தூக்கறவனுக்கா எம் பொண்ணு?"

கேட்டவர் காலடியில் மல்லாட்டை மூட்டை, பச்சை வேர்க்கடலை வாசம். பக்கத்தில் கல்யாணத் தரகர். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"மாப்ளையோட மொதலாளியும் மெட்ராஸ்ல பை தூக்கினவருதாண்ணா. அப்புறம் மட்டையப் புடிச்சி தொரைங்களயே தோக்கடிச்சாரு. கோல்ஃப்னா அவருதான். வூடு பூரா கப்பு."

"தோத்ததே இல்லியா?"

"ஒரு பெரிய கப்பு போச்சி. சருகைத் தள்ளக்குள்ள கை பட்டு, பந்து ஒரு நெல்லு அளவு நவுந்துட்டுது. யாரும் பாக்கல. அவரே போயி, 'எனக்கு ஒரு அடி சேத்து எழுதுங்க'ன்னாரு. அந்த ஆட்டத்துல அடி கொறைவா இருக்கறவந்தான் ஜெயிப்பான். ஒரே அடில போச்சி. மாப்ள அவருகிட்ட வளந்தவருண்ணா."

விக்கிரவாண்டி வந்தது. நான் இறங்கவேண்டிய ஊர். இறங்க மனசு வரவில்லை.

"அப்ப நீயும் எதனா நவுத்தியிருந்தா இப்பவே சொல்லிடு."

தரகர் ஜன்னலைப் பார்த்தார். கூட்டேரிப்பட்டு வரை பார்த்தார்.

"மாப்ளைக்கு வயசு இருவத்தெட்டு இல்லண்ணா. முப்பத்திரண்டு."

"அப்றம்?"

"முன்பல்லு ஒண்ணு கட்டினது."

"அவ்ளோதானே? வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வரச்சொல்லு."

திண்டிவனத்தில் இறங்கும்போது கண்டக்டர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. விக்கிரவாண்டி டிக்கெட்டை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டு வேகமாக நடந்தேன். கோல்ஃப் எனக்குச் சரிப்படாது.